தோட்டத்து சுவிட்ச்சுக்குள் வீட்டிலிருந்தே நுழைவதற்கு

கொட்டகலையில் என் வீட்டுக்கும் நான் நெட்வேர்க் பார்த்துக்கொடுக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் இடையில் 18 கிலோமீற்றர்தான். ஆனால் அதில் கடைசி 6 கிலோமீற்றர் தோட்டப் பாதை. ஜூன், ஜூலையில் அட்டன் பக்கம் மழை விடாமல் ஊற்றும்போது ஓட்டோத் தம்பி பாதி வழியிலேயே நிறுத்திவிட்டு, "இதுக்கு மேல ஏறாது அக்கா, மண் சரிஞ்சு கெடக்கு" என்பார். மேலே கொழுந்து நிறுக்கும் தராசு, அலுவலகக் கணினிகள், கொழுந்து வாட்டும் மாடியில் உள்ள கமரா எல்லாமே ஒரு சிஸ்கோ 2960 சுவிட்ச்சில்தான் வந்து சேர்கின்றன. ஒரு போர்ட்டை மாற்றிக் கொடுக்கிற 2 நிமிட வேலைக்கு ஒரு நாள் போய்விடும். அதனால்தான் அந்த சுவிட்ச்சுக்குள் தொலைவிலிருந்து நுழைய வழி செய்தேன். நெட்வேர்க் படித்துவிட்டு முதல் வேலைக்குப் போகும் நம்ம தோட்டத்துப் பிள்ளைகளுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயம். கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். நான் சிறு கோடு போட்ட இடத்தில் கோடு, மற்ற இடத்தில் இடைவெளி.

முதல் தடவை சுவிட்ச்சுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். புது சுவிட்ச்சுக்கு முகவரியும் கிடையாது, கடவுச்சொல்லும் கிடையாது. கொன்சோல் என்று எழுதியிருக்கும் துளையில் அந்த இளநீலத் தட்டைக் கேபிளைச் செருகி, மறுமுனையை யூஎஸ்பி மாற்றி வழியாக லெப்டொப்பில் கொடுங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் எந்தக் கொம் எண் வந்திருக்கிறது என்று தெரியும். சுவிட்ச்சோடு பேச உதவும் புட்டி என்ற மென்பொருளில் சீரியல் என்பதைத் தெரிவுசெய்து, அந்தக் கொம் எண்ணையும் வேகம் 9600 என்பதையும் கொடுங்கள். டேட்டா பிட் 8, ஸ்டொப் பிட் 1, பேரிட்டி இல்லை, ஃப்ளோ கொன்ட்ரோல் இல்லை. திரை கறுப்பாக நின்றால் என்டரை இரண்டு தடவை தட்டுங்கள். எழுத்துகள் கோணல்மாணலாக வந்தால் பெரும்பாலும் வேகம் தவறாக இருக்கும்.

உள்ளே போனதும் பெயர்.

எனேபிள்
கொன்ஃபிகர் டெர்மினல்
ஹோஸ்ட்நேம் மலை-சுவி1
ஐபி டொமைன்-நேம் தோட்டம்.லோக்கல்

பெயர் எதற்கு என்று பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தொலைவிலிருந்து மறைகுறியாக்கி நுழையும் எஸ்எஸ்எச் முறைக்கான சாவியை உண்டாக்கும்போது சுவிட்ச் இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துத்தான் அந்தச் சாவிக்குப் பெயர் வைக்கிறது. பெயர் மாற்றாமல் சாவி கேட்டால், "சுவிட்ச்" என்பதைத் தவிர வேறு பெயர் வை என்று திருப்பி அனுப்பிவிடும். டொமைன் பெயர் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஏதாவது ஒன்று இருந்தால் போதும்.

அடுத்தது முகவரி. சுவிட்ச்சின் போர்ட்டுக்கு நாம் முகவரி கொடுப்பதில்லை, ஒரு வீலேனுக்குத்தான், அதாவது சுவிட்ச்சுக்குள் தனியாகப் பிரித்த ஒரு நெட்வேர்க்குக்குத்தான் கொடுக்கிறோம். எல்லாரும் வீலேன் 1இலேயே வைத்துவிடுவார்கள். நான் வைப்பதில்லை. எல்லாப் போர்ட்டுகளும் தொடக்கத்தில் வீலேன் 1இல்தான் கிடக்கின்றன. அங்கே முகவரியை வைத்தால் தராசுக்குப் பக்கத்தில் யார் கேபிளைச் செருகினாலும் சுவிட்ச்சின் வாசலுக்கே வந்துவிடலாம். நிர்வாகத்துக்கென்று வீலேன் 99 என்று ஒன்றைத் தனியே பிரித்துவிடுவேன்.

வீலேன் 99
எக்ஸிட்
இன்டர்ஃபேஸ் வீலேன் 99
ஐபி அட்ரஸ் 192.168.99.2 255.255.255.0
நோ ஷட்டவுன்
எக்ஸிட்
ஐபி டிஃபோல்ட்-கேட்வே 192.168.99.1

இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, முகவரியைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது. அந்த வீலேனில் குறைந்தது ஒரு போர்ட்டாவது உயிரோடு இருந்தால்தான் அந்த முகவரியும் உயிர்பெறும். ரவுட்டருக்குப் போகும் போர்ட் பல வீலேன்களைச் சேர்த்துச் சுமக்கும் ட்ரங்க் ஆக இருந்து, அதில் 99 போக அனுமதி இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு போர்ட்டை நேராக 99இல் போட்டிருக்க வேண்டும். "ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்" அடித்து, வீலேன் 99க்கு நேரே இரண்டு இடத்திலும் "அப்" என்று வருகிறதா பாருங்கள். இரண்டாவது, அந்த டிஃபோல்ட் கேட்வே. தொழிற்சாலைக்குள் அதே வீலேனில் இருந்து சோதிக்கும்போது அது இல்லாமலும் வேலை செய்யும். அதனால் மறந்தது தெரியாது. கீழே இறங்கி வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். வெளியிலிருந்து வரும் கேள்வி சுவிட்ச்சை அடையும், பதில் திரும்பிவர வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிடும்.

சரி, இப்போது ஆட்கள்.

யூசர்நேம் கலை பிரிவிலேஜ் 15 சீக்ரட் கடவுச்சொல்

"கலை" என்ற இடத்தில் உங்கள் பெயர், "கடவுச்சொல்" என்ற இடத்தில் உங்களுடையது. பிரிவிலேஜ் 15 என்றால் முழு அதிகாரம். "பாஸ்வேர்ட்" என்ற சொல்லைப் போடாமல் "சீக்ரட்" என்றே போடுங்கள். பாஸ்வேர்ட் என்று போட்டால் அது சுவிட்ச்சின் அமைப்புகள் எழுதப்பட்டிருக்கும் கொன்ஃபிகில் அப்படியே வெளிப்படையாக நிற்கும். "சேர்விஸ் பாஸ்வேர்ட்-என்கிரிப்ஷன்" போட்டு மறைத்தாலும், அந்த 7ஆம் வகை மறைப்பைச் சில நொடிகளில் திருப்பி எடுத்துவிடலாம்.

எல்லாருக்கும் பொதுவாக ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வைக்கும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நம்ம பக்கத்தில் ஆட்கள் ஒரே இடத்தில் நிலைப்பதில்லை. அலுவலகத்தில் கணினி பார்த்த தம்பி கொழும்புக்குப் போவான், அதற்குப் பிறகு வந்த தங்கச்சி டுபாய்க்குப் போவாள். பொதுக் கடவுச்சொல்லாக இருந்தால் அது அவர்களோடு ஊர் ஊராகப் போகும். ஆளுக்கொரு பெயர் இருந்தால், போனவருடைய பெயரை மட்டும் "நோ" போட்டு எடுத்துவிடலாம். யார் எப்போது உள்ளே வந்தார் என்பதும் பதிவில் தெரியும்.

இனி சாவியும் வாசலும். கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன், காரணம் இங்கேதான் தொலைவிலிருந்து நுழைவதற்கு டெல்நெட்டா எஸ்எஸ்எச்சா என்ற கேள்வி வருகிறது. டெல்நெட் மிகப் பழையது. அதன் தரநிலை 1983இல் வந்தது. அது நாம் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தையும் எந்த மறைப்பும் இல்லாமல் கம்பியில் அனுப்பும். நான் படித்த காலத்தில் ஆசிரியர் நெட்வேர்க்கில் போவதையெல்லாம் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து வைத்துவிட்டு என்னை டெல்நெட்டில் நுழையச் சொன்னார். நான் அடித்த கடவுச்சொல் எழுத்து எழுத்தாக அவர் திரையில் வந்து நின்றது. அன்றைக்குப் பிறகு எந்த சுவிட்ச்சிலும் நான் டெல்நெட்டைத் திறந்து வைத்ததில்லை. எஸ்எஸ்எச் பிறந்த கதையும் இதே மாதிரிதான். 1995இல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக நெட்வேர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருட, அதற்குப் பதிலாக அங்கே இருந்த தாத்து யூலோனன் எழுதியதுதான் அது.

கிரிப்டோ கீ ஜெனரேட் ஆர்எஸ்ஏ மொடியூலஸ் 2048
ஐபி எஸ்எஸ்எச் வேர்ஷன் 2

முதல் வரியை அடித்ததும் பழைய சுவிட்ச் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கும். பயப்படாதீர்கள், சாவி செய்கிறது. "கிரிப்டோ" என்ற சொல்லையே தெரியாது என்று சொன்னால், அந்த சுவிட்ச்சை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸில் மறைகுறியாக்கம் இல்லை என்று அர்த்தம். கோப்பின் பெயரில் "கே9" என்று இருக்கும் பதிப்பை ஏற்ற வேண்டும். இரண்டாவது வரி இல்லாவிட்டால் "ஷோ ஐபி எஸ்எஸ்எச்" அடிக்கும்போது 1.99 என்று காட்டும். பழைய முதலாம் பதிப்பையும் ஏற்றுக்கொள்கிறேன் என்பதுதான் அதன் பொருள். 2.0 என்று வரவேண்டும்.

வாசல் என்பது விடிவை லைன்கள், நெட்வேர்க் வழியாக வருகிறவர்கள் நுழையும் இடங்கள். 0இலிருந்து 15 வரை 16 லைன். ஒரே நேரத்தில் 16 பேர் வரலாம்.

லைன் விடிவை 0 15
லொகின் லோக்கல்
டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச்
எக்செக்-டைம்அவுட் 5 0

"0 4" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அப்போது 5 முதல் 15 வரையுள்ள லைன்கள் பழைய அமைப்பிலேயே கிடக்கும். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தை மறந்த மாதிரி. 16ஐயும் சேர்த்தே அமையுங்கள். "லொகின்" என்று மட்டும் போட்டால் லைனுக்கென்று தனியாக வைத்த கடவுச்சொல்லைத் தேடும். "லொகின் லோக்கல்" என்றால்தான் நாம் மேலே எழுதிய பெயர்களைப் பார்க்கும்.

கடைசி வரியில் 5 நிமிடம் சும்மா இருந்தால் இணைப்பைத் துண்டி என்று சொல்கிறோம். தொல்லையாக இருக்கிறது என்று சிலர் "0 0" போடுவார்கள், அதாவது துண்டிக்கவே வேண்டாம் என்று. மலைநாட்டில் அதைச் செய்யவே கூடாது. நாம் போவது சிம் போட்ட ரவுட்டர் வழியாக. மூடுபனி, மழை, கரண்ட் போய் டவர் நின்றது என்று சிக்னல் நடுவில் அறுந்தால், நம் பக்கத்தில் இணைப்பு செத்தாலும் சுவிட்ச் அதை உயிரோடு இருப்பதாக நினைத்து அந்த லைனைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படி ஒவ்வொன்றாக 16ம் நிறைந்துவிட்டால் நமக்கே இடமில்லை. "சேர்விஸ் டிசிபி-கீப்அலைவ்ஸ்-இன்" என்ற வரியையும் கொன்ஃபிகில் சேர்த்து வையுங்கள். செத்த இணைப்புகளை சுவிட்ச் தானே கண்டுபிடித்து விடுவிக்கும்.

வீட்டிலிருந்து சுவிட்ச் வரைக்கும் எப்படிப் போவது? ரவுட்டரில் எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். திறந்த அன்றைக்கே உலகின் எங்கெங்கோ இருந்து கதவைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதோடு, சிம் ரவுட்டருக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து நேராக அடையக்கூடிய முகவரியே கிடைப்பதில்லை. தொழிற்சாலை ரவுட்டரே முதலில் வெளியே அழைத்து ஒரு விபிஎன்னை, அதாவது இன்டர்நெட்டுக்குள் மறைகுறியாக்கிய ஒரு தனிவழியைக் கட்டிக்கொள்ள வேண்டும், நாம் அந்த விபிஎன்னுக்குள் போய் அங்கிருந்து சுவிட்ச்சைத் தொட வேண்டும். என்னுடையது அப்படித்தான். விபிஎன்னுக்குள் நுழைந்ததும் என் லெப்டொப்புக்கு 10.8.0 என்று தொடங்கும் முகவரி கிடைக்கிறது.

இந்த முகவரிதான் எனக்கு ஒரு நாளைத் தின்றது. விடிவைக்கு யார் வரலாம் என்று ஒரு பட்டியல் போட வேண்டும் என்று படித்திருந்தேன். நல்ல பழக்கம்தான். வீட்டிலிருந்தபடியே போட்டேன்:

அக்சஸ்-லிஸ்ட் 10 பெர்மிட் 192.168.99.0 0.0.0.255
லைன் விடிவை 0 15
அக்சஸ்-கிளாஸ் 10 இன்

நிர்வாக வீலேனில் இருப்பவர்கள் மட்டும் வரலாம் என்று எழுதிவிட்டேன். நானோ 10.8.0இலிருந்து வந்துகொண்டிருந்தேன். பட்டியலின் முடிவில், நாம் எழுதாவிட்டாலும், மற்ற எல்லாரையும் மறு என்று ஒரு வரி மறைந்திருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் எதுவும் அறுந்துவிடவில்லை. பட்டியல் புதிதாக வருகிறவர்களைத்தான் பார்க்கும், ஏற்கெனவே உள்ளே இருப்பவரை வெளியே தள்ளாது. எல்லாம் சரி என்று நினைத்து "ரைட் மெமரி" அடித்துச் சேமித்தும்விட்டேன். வெளியே வந்து மறுபடி நுழையப் பார்த்தால் இணைப்பு மறுக்கப்பட்டது. மேலே இருந்த எலக்ட்ரீசியன் அண்ணனுக்குப் போன் போட்டால், "லைட்டெல்லாம் பச்சையாத்தான் எரியுது, என்ன பிரச்சினை?" என்கிறார். அடுத்த நாள் காலையில் மழையில் மேலே ஏறி, கொன்சோல் கேபிளைச் செருகி, ஒரே ஒரு வரியைச் சேர்த்துவிட்டு இறங்கினேன்.

அக்சஸ்-லிஸ்ட் 10 பெர்மிட் 10.8.0.0 0.0.0.255

அன்றிலிருந்து வாசலைத் தொடும் எந்த மாற்றத்தையும் நான் செய்யும் முறை இதுதான். முதலில் இப்போது நன்றாக இருக்கும் கொன்ஃபிகை "ரைட் மெமரி" போட்டுச் சேமிப்பேன். பிறகு "ரீலோட் இன் 10" என்று அடிப்பேன். 10 நிமிடத்தில் சுவிட்ச் தன்னைத்தானே மறுபடி தொடங்கும். இப்போது மாற்றத்தைச் செய்வேன், ஆனால் சேமிக்க மாட்டேன். இருக்கும் ஜன்னலை மூடாமல், புட்டியில் இன்னொரு ஜன்னல் திறந்து புதிதாக நுழைந்து பார்ப்பேன். நுழைய முடிந்தால் "ரீலோட் கான்சல்", அப்புறம் "ரைட் மெமரி". நுழைய முடியாமல் பழைய ஜன்னலும் போய்விட்டால் கையைக் கட்டிக்கொண்டு 10 நிமிடம் காத்திருப்பேன். சுவிட்ச் எழும்பும்போது சேமித்து வைத்த பழைய கொன்ஃபிகோடு எழும்பும், வாசல் மறுபடி திறந்திருக்கும். மேலே ஏற வேண்டியதில்லை.

ஆனால் அப்படி ரீலோட் ஆனால் சில நிமிடம் தொழிற்சாலை நெட்வேர்க் முழுக்க நிற்கும். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு வரிசையில் நிற்கும் பெண்கள் அன்றைக்குப் பறித்த கிலோவுக்குத்தான் கணக்கு. தராசில் இருந்து கணக்கு வராமல் நின்றால் மழையில் நிற்பது அவர்கள்தான். நான் அலுவலகத்துக்கு முதலில் போன் செய்து, "இப்ப நிறுவை ஏதும் இருக்கா சேர்?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன்.

நுழையும்போது வரும் இன்னொரு சிக்கல்: விண்டோஸில் இருக்கும் புதிய எஸ்எஸ்எச் கட்டளையில் போனால், பழைய 2960 சொல்லும் சாவி பரிமாற்ற முறை எனக்குப் பிடிக்கவில்லை என்று மறுத்துவிடும். சுவிட்ச்சில் கோளாறு இல்லை. பலவீனமான பழைய முறைகளைப் புதிய மென்பொருள்கள் தாமாகவே ஒதுக்கிவிட்டன. முடிந்தால் ஐஓஎஸ்ஸைப் புதுப்பியுங்கள், அதுதான் சரியான வழி. முடியாவிட்டால் அந்த ஒரு சுவிட்ச்சுக்கு மட்டும் பழைய முறையை அனுமதியுங்கள். எல்லாவற்றுக்கும் திறந்துவிடாதீர்கள். புட்டி எச்சரித்துவிட்டுக் கேட்கும். முதல் தடவை சுவிட்ச்சின் சாவியைக் காட்டி நம்பலாமா என்று கேட்கும்போதும் கண்ணை மூடிக்கொண்டு ஆம் சொல்லாமல், மேலே இருக்கும்போதே ஒரு தடவை நுழைந்து அந்தச் சாவியைப் பதிந்துகொள்ளுங்கள். பின்னொரு நாள் சாவி மாறியிருக்கிறது என்று எச்சரித்தால், நீங்கள் புதுச்சாவி செய்யாதவரை உள்ளே போகாதீர்கள்.

நேரத்தையும் மறக்க வேண்டாம். இந்த சுவிட்ச்சுக்குள் மின்கலம் வைத்த கடிகாரம் இல்லை. கரண்ட் போய் வந்தால் 1993 மார்ச் 1 என்று தொடங்கும். யாரோ நுழையப் பார்த்தார்கள் என்று பதிவில் இருந்தும் எந்த நாள் என்று தெரியாவிட்டால் என்ன பயன்? "கிளொக் டைம்ஸோன்" என்று போட்டு, நம் நேரத்துக்கு ஒரு பெயரும் 5 30 என்றும் கொடுங்கள். பிறகு "என்டிபி சேர்வர் 192.168.99.1" என்று ரவுட்டரிடம் நேரம் கேட்கச் சொல்லுங்கள், ரவுட்டர் நேரம் கொடுக்கும் வகையாக இருந்தால். "லொகின் ஒன்-ஃபெயிலியர் லொக்" (இங்கே லொக் என்றால் பூட்டு அல்ல, பதிவு) போட்டால் தவறான முயற்சிகள் பதிவாகும். "லொகின் பிளொக்-ஃபோர் 120 அட்டெம்ப்ட்ஸ் 3 விதின் 60" போட்டால், ஒரு நிமிடத்துக்குள் 3 தடவை தவறினால் 2 நிமிடம் வாசல் மூடிக்கொள்ளும்.

கொன்சோலுக்கும் "லைன் கொன்சோல் 0" போய் "லொகின் லோக்கல்" போடுங்கள், ஆனால் பெயரும் கடவுச்சொல்லும் உண்டாக்கிச் சோதித்த பிறகு. முன்னாடியே போட்டால் கொன்சோலிலும் வெளியே நிற்பீர்கள். அப்போது முன்பக்கத்து மோட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கரண்டைக் கொடுத்து மீட்கிற நீண்ட வேலைதான் மிஞ்சும்.

கடைசியாக நான் ஒரு சோதனை செய்யாமல் மலையை விட்டு இறங்குவதில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் இடி இடித்தால் இங்கே கரண்ட் நிச்சயமில்லை. அதனால் சேமித்தபின் எலக்ட்ரீசியன் அண்ணனிடம் சொல்லி சுவிட்ச்சின் பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் கழித்துப் போடச் சொல்வேன். விளக்குகள் எல்லாம் மறுபடி பச்சைக்கு வரும்வரை அங்கேயே ஒரு பிளேன்டீ. பிறகு என் லெப்டொப்பிலிருந்து தொழிற்சாலையின் கேபிளைக் கழற்றிவிட்டு, என் போனின் இணையத்தை அதற்குக் கொடுத்து, வீட்டிலிருந்து வருவது போலவே விபிஎன் வழியாக நுழைவேன். "மலை-சுவி1" என்று திரையில் வந்து, "ஷோ யூசர்ஸ்" அடித்ததும் என் பெயருக்கு நேரே 10.8.0 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், நீலக் கேபிளைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டோவுக்குச் சொல்லிவிடுவேன்.